அறுபதில் வரும் நடுக்கம்

1.
ஒரு பழைய காரின் நடுக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். தன் தவறை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டவள் எப்படி இயல்பாக மூச்சு விடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. (ஏன் என்று கேட்காதீர்கள்.)

முதலில் எழுதிய தொடக்கம்: மழை பிடித்துக்கொண்ட அந்தக் காலையில் அவள்...

வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2.
அவள் கார் மெக்கானிக். பட்டறை அவளுடையது, கூட வேலை செய்பவன் அவள் தம்பி. டீச்சரம்மா ஒருவரின் ஐம்பது வயதுக் கார், வேலை முடிந்து போன மறுநாளே திரும்பி வந்தது. அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் காலடியில் நடுக்கம்.

கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்ட் இரண்டு துண்டு. கழற்றும் முன் அவை சேரும் இடத்தில் குறி போடவேண்டும். அதே குறியில் மாட்டாவிட்டால் ஓட்டத்தில் உதறும். கழற்றியது தம்பி. மாட்டியது அக்கா. அப்போது குறியைக் காணோம், கண்திட்டத்தில் மாட்டிவிட்டாள்.

டீச்சரம்மாவை வைத்துக்கொண்டே கத்தினாள். "குறி போடாம யாருடா கழட்டச் சொன்னது?"

"போட்டேன்க்கா. சாக்பீஸால பெருசா போட்டேன்."

"அப்ப பேய் வந்து அழிச்சிட்டுப் போச்சாக்கும்!"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "திங்கக்கிழமையிலேர்ந்து வேற பட்டறைக்குப் போயிடறேன். அங்க பேய் இருக்காதுல்ல."

3.
(இந்த இடத்தில் அவளை நல்லவளாக்க ஒரு பத்தி எழுதினேன். சின்ன வயதில் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு... அடித்துவிட்டேன்.)

மதியம் அழுக்குத் துணிகளை ஊறப்போடும்போது ஒன்றில் சாக்பீஸின் வெள்ளைத் தீற்றலைப் பார்த்தாள். மாட்டும் முன் ஷாஃப்டை டீசலில் துடைத்தது அவள்தான். எதுவும் பளபளவென்று இருந்தால்தான் அவளுக்குக் கை ஓடும். துணியைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்தாள்.

நான் அதைத் தூக்கி எறியத்தான் சொன்னேன். கேட்கவில்லை.

4.
இப்போது காருக்கு வேறு ஏதாவது நோய் இருந்தாக வேண்டும் அவளுக்கு. டயராக இருக்கக்கூடாதா? நான்கு சக்கரங்களையும் மாற்றிப் போட்டு, தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினாள். அறுபதில் அதே நடுக்கம். எஞ்சினாக இருக்கக்கூடாதா? நியூட்ரலுக்குத் தள்ளினாள். எஞ்சின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை.

இருக்கைகளுக்கு நடுவே தரையில் உள்ளங்கையை வைத்திருந்த தம்பி சொன்னான்: "ஷாஃப்ட்தான்க்கா."

அவள் கியரைத் திரும்பப் போட்டாள்.

"நான்தான் மறந்துட்டேனோ என்னவோ. போட்ட மாதிரியே ஞாபகம் இருக்கு. ஆனா இப்ப எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

5.
முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். அவன் சிரித்துவிடுகிறான். (அவ்வளவு சுலபமா?)

முடிவு இரண்டு: வாயே திறக்காமல் ஷாஃப்டைச் சரியாகத் திருப்பி மாட்டுகிறாள். கார் வெண்ணெய்போல் ஓடுகிறது. தம்பி வேறொரு பட்டறையில், தான் போட்ட ஒவ்வொரு குறியையும் மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டே கிழவனாகிறான்.

இரண்டாவதை எழுதிவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. முதலாவதற்குக் கை வரவில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சீக்கிரம். திருப்பத்தில் பட்டறை தெரிகிறது, டீச்சரம்மா வாசலில் நிற்கிறார், தம்பியின் கை கதவுப்பிடிக்குப் போய்விட்டது.

"டேய்..." என்பதுவரை நான் எழுதிவிட்டேன்.