லிஃப்டில் நான் விட்ட பேய்

பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வதந்திதான் பேயாகிறது என்று காட்ட, எங்கள் ஆபீஸ் லிஃப்டில் நானே ஒரு பேயை விட்டேன். பச்சைச் சட்டை போட்ட டைப்பிஸ்ட், லிஃப்ட் நடுவில் நின்றுபோய், கதவைத் தட்டித் தட்டியே செத்தவள் என்று கேன்டீனில் போகிற போக்கில் சொல்லிவைத்தேன். அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை.

சோதனைக்காக ஒரு விவரத்தை மட்டும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்: அவளுக்கு இடது கால் நொண்டி. அதை யாராவது சொன்னால் பேய் உண்மை என்று ஒப்புக்கொள்ளலாம். சொல்லப்போவது யார்?

மழைக்காலம் முடிவதற்குள் பாதிப் பேர் அவளைப் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் பச்சைச் சட்டையைச் சொன்னார்கள். காலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்று மதியம் எல்லோரையும் கூட்டி வைத்து உண்மையைப் போட்டு உடைப்பதாக இருந்தேன்.

அதற்காக மேலே போக லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த வரவேற்பறைப் பெண் ஓடிவந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"சார், லிஃப்ட் வேணாம். உள்ள அந்தம்மா நிக்கிறாங்க."

"பச்சைச் சட்டையா?" என்றேன் கிண்டலாக.

"ஆமா சார். உங்களைத்தான் கேட்டாங்க."

"என்னையா? எதுக்காம்?"

லிஃப்ட் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அவள் பின்னால் நகர்ந்தாள்.

"கதை கட்டினவரு என் இடது காலை மட்டும் ஏன் நொண்டியாக்கினாருன்னு கேக்கணுமாம் சார்."