மெத்தைக்குப் போகும் நார்

1

நாச்சியம்மாளுக்குக் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. காலையில் எழுந்தவுடனே இப்படி என்றால்

[எழுந்தவுடனே என்பது தப்பு. தூங்கியவர்கள்தானே எழுவார்கள்? வேறு மாதிரி ஆரம்பிக்க வேண்டும்.]

இது கதையாகத் தொடங்கவில்லை. இயற்கை முறையில் நன்றாகத் தூங்குவது எப்படி என்று எழுதித் தரும்படி ஒரு மாத இதழில் கேட்டார்கள். எழுதினேன். படுக்கும் முன் வெதுவெதுப்பான பால். பொழுது சாய்ந்தபின் காபி, டீ வேண்டாம். இருட்டான அறை. அடுத்து, ‘அறை நிசப்தமாக இருக்கட்டும்’ என்று எழுதியதும் அந்த வரிக்குக் கட்டுப்படாத ஒருத்தி வந்து நின்றாள். கட்டுரை அதோடு போயிற்று.

2

அவள் பிறந்தது சோமனூர்ப் பக்கம், விசைத்தறிக் கூடத்தின் சுவரை ஒட்டிய லைன் வீட்டில். கட்டிக்கொடுத்ததும் அதே வரிசையில்தான். இராப்பகலாகத் தறி ஓடும், சுவர் அதிரும், அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். எல்லாரும் தூங்குவார்கள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் லைன் முழுக்க விழித்துக்கொள்ளும், குழந்தைகள் வீறிடும்.*

முதலாளி தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். [எப்படி என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவனுக்கு இதில் வேலை இல்லை.] கிணத்துக்கடவில் ஒரு நார் மில்லில் சேர்ந்தாள். தேங்காய் மட்டையை மெஷினுக்குள் தள்ளினால் மறுபக்கம் நாராகக் கொட்டும். அது மெத்தை செய்யப் போகும். தங்குவதற்குத் தென்னந்தோப்புக்குள் ஓர் அறை. காற்று, இருட்டு, நிசப்தம். கட்டுரையில் நான் கேட்டதெல்லாம் அங்கே இருந்தது.

தூக்கம் மட்டும் இல்லை. ஏனென்று அவளுக்குத் தெரியவில்லை.

* ரயில் பாதையோரம் குடியிருப்பவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். விளக்கினால் மறுபடி கட்டுரையாகிவிடும்.

3

மெஷின் வாயில் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருத்தி மட்டை எடுத்துக் கொடுப்பாள், இன்னொருத்தி உள்ளே தள்ளுவாள். தள்ளுகிறவளுக்குக் கண் சொக்கினால் கை போய்விடும். ஆகவே முறை மாற்றிக்கொள்வார்கள். நாச்சியம்மாளோடு நின்றவள் சித்திகா.

“ஏன் அம்மணி, நேத்தாச்சும் கண்ண மூடுனியா?”

“மூடுனா மூடுதுங்கக்கா. தூக்கந்தான் வரமாட்டீங்குது.”

“கசகசா அரைச்சுப் பால்ல கலந்து குடிக்கச் சொன்னனே?”

“குடிச்சனுங்க. வவுறு நெம்புச்சு. அவ்வளவுதான்.”

“உள்ளங்கால்ல வெளக்கெண்ண?”

“தேச்சுட்டுப் படுத்தனுங்க. பூனை வந்து நக்கிப்போட்டுப் போயிருச்சு.”

“பூனையாச்சும் தூங்குச்சா?” சித்திகா சிரித்தாள். “நாம அடிக்கற நாருல மெத்தை தெச்சு ஊரே குறட்டை உடுது. நீ மட்டும் முழிச்சுக்கெட.”

[சித்திகாவை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டேனோ? நல்லவர்களுக்கு அடிபட்டால் வாசகருக்குச் சந்தேகம் வரும். அடுத்தவர் டிபன் டப்பாவைக் கேட்காமல் திறந்து, “உப்புப் பத்தாது” என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு உண்டு. அது இருக்கட்டும்.]

4

அன்று காலையிலேயே ஒருமுறை நாச்சியம்மாளின் தலை மெஷின் பக்கம் சாய்ந்து, சித்திகா முந்தானையைப் பிடித்து இழுத்திருந்தாள். மதியச் சோற்றுக்குப் பிறகு நாச்சியம்மாள் தள்ள வேண்டிய முறை.

“நீ வேண்டாம் கண்ணு. அந்த நார்க் குமி மேல செத்த கெட. நானே எடுத்து நானே போட்டுக்கறேன்.”

“மேஸ்திரி வந்தாருன்னா?”

“வந்தா எழுப்பறேன். போ.”

நார்க் குவியலில் சாய்ந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது. கடகடவென்று தரை அதிர்ந்தது, முதுகு அதிர்ந்தது, பல்லுக்குள் அதிர்ந்தது. சோமனூர்ச் சுவர் திரும்பி வந்து அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, கிணற்றில் போட்ட கல்லைப் போல் தூங்கிப்போனாள்.

சித்திகா கத்தியிருக்கிறாள். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டு, ஓடி வந்திருக்கிறார்கள். இரண்டு எட்டில் படுத்திருந்தவளுக்குக் கேட்கவில்லை.

மேஸ்திரி நஞ்சுண்டன் சுவிட்சை அணைத்தார். மெஷின் நின்றது.

அப்போதுதான் நாச்சியம்மாள் விழித்தாள்.

5

வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கத்தல் கேட்டு நாச்சியம்மாள் பாய்ந்து போய் சுவிட்சை அணைக்கிறாள். சித்திகாவுக்குச் சிராய்ப்போடு போகிறது. இருவரும் டீக்கடையில்

இல்லை. கேட்டிருந்தால் அது தூக்கமே இல்லை.

நாச்சியம்மாள் படுக்க மறுத்துவிடுகிறாள். அவள் கையே போகிறது. இது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அன்று அவளுக்கு மறுக்கிற தெம்பு எங்கே இருந்தது?

சித்திகாவின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. எத்தனை தடவை எழுதினாலும் இந்த வரி நகரமாட்டேன் என்கிறது.

6

நாச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சித்திகா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்தும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்திகாவின் புருஷன் சஹீர் தோப்பு அறை முன்னால் டிவிஎஸ்ஸை நிறுத்தினார். இறங்கவில்லை.

“அக்கா எப்படி இருக்கறாங்க?”

“இருக்கறா. இடது கையில சாப்பிடப் பழகறா. திட்டிக்கிட்டே.”

“நான் வந்து பாத்திருக்கோணுமுங்க.”

“அதெல்லாம் நான் கேக்க வரலைங்க. அவ ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. அன்னிக்கு நல்லா தூங்குனியான்னு.”

நாச்சியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தோப்பில் ஓர் ஓலை விழுந்தது.

“சரிங்க, வாரேன்” என்று சஹீர் வண்டியைத் திருப்பினார்.

சித்திகா எந்தக் குரலில் கேட்டனுப்பினாள்? குத்திக் காட்டவா, தன் கை போனதற்கு அந்தத் தூக்கமாவது மிஞ்சியதா என்று தெரிந்துகொள்ளவா? எனக்குத் தெரியாது. அவளை உண்டாக்கியவன் நான்தான். அந்தக் குரல் எனக்குப் பிடிபடவில்லை. எந்தக் குரல் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் என்ன என்பது மட்டும் தெரியும். ஆமாங்கக்கா, நல்லா தூங்குனனுங்க. அப்படியொரு தூக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தப் பதிலை நாச்சியம்மாள் சித்திகாவுக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.