புத்தகத்தில் உள்ளபடி

குருக்கள்மடத்தில் கேம் விளையாடுகிற எவனை நிறுத்திக் கேட்டாலும் பதினாலாம் விதியை மூச்சு விடாமல் ஒப்புவிப்பான். விளையாடுபவரின் தாயார் அழைத்தால் ஆட்டம் நிற்கும். அவர் போய்த் திரும்பும்வரை எதிராளி கொன்ட்ரோலரைக் கீழே வைத்திருத்தல் வேண்டும். அவ்வேளையில் அடிக்கப்படும் கோல் செல்லாது. செட்டிபாளையத்தில் தெரியும், களுதாவளையில் தெரியும், வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூரிலும் தெரியும். தெரியாத ஒரே ஆள், அந்த உதைபந்தாட்ட கேமைத் தயாரித்த கம்பனிதான்.

நிதுர்ஷனின் கேம் கடை அவன் மனைவி வீட்டு முன்னறையில் இருந்தது. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டி தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். நிதுர்ஷன் ஒரு பெட்டியில் உடுப்பும் இரண்டு பெட்டிகளில் கேமும் கொண்டு போனான். நான்கு டீவி, மணித்தியாலக் கணக்கில் விளையாட்டு, சுவரோரம் ஒரு தட்டில் டிஸ்க் விற்பனை.

ஆரம்பத்தில் டிஸ்க் பெட்டியைத் திறந்தால் வலப்பக்கம் டிஸ்க் இருக்கும். இடப்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளுக்குள் ஒரு புத்தகம் இருக்கும். நாற்பது பக்கம், வர்ணப் படங்கள், எந்தப் பொத்தான் எதற்கு என்று விளக்கம். பிறகு அது பன்னிரண்டு பக்கமாகிற்று. அதற்குப் பிறகு, கண் கூசினால் விளையாட்டை நிறுத்தவும் என்று பல மொழிகளில் பயமுறுத்தும் ஒற்றைத் தாள். கடைசியில் அதுவும் இல்லை. ஆனால் கொக்கிகளை மட்டும் கம்பனி கைவிடவில்லை. எதையும் பிடிக்காத இரண்டு கொக்கிகளை வருடக்கணக்காக வார்த்துக்கொண்டே இருந்தது.

அவன் மனைவி கம்சாயினிக்கு அந்தக் கொக்கிகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை ஆங்கில டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தவள்.

"சோத்துப் பார்சல் கட்டுறவன்கூட ஒரு சம்பல் வைப்பான். இவனுகள் இவ்வளவு காசையும் வாங்கிட்டு வெறும் பெட்டியத் தாறானுகள்."

"எல்லாம் இன்டர்நெட்ல போட்டிருக்கானுகள்."

"நம்மட வீட்டுல சிக்னல் வாறது கிணத்தடியில மட்டும்தான். டீவியக் கிணத்தடிக்குத் தூக்கிட்டுப் போறதா?"

"எழுதி வச்சாலும் யாரும் வாசிக்கமாட்டானுகள் கம்சா."

"நீங்க வாசிக்கமாட்டீங்க எண்டு சொல்லுங்க."

அது உண்மை. கேம் கடை வைத்திருந்தவன் வாழ்நாளில் ஒரு கையேட்டையும் வாசித்ததில்லை. எல்லாப் பொத்தானையும் ஒருதரம் அழுத்திப் பார்த்தால் போதும் என்பது அவன் கொள்கை.

அவள் எழுதினாள். நான்கு தாள்களை மடித்துப் பதினாறு பக்கம். கையெழுத்து அச்சுப் போலவே இருக்கும். பாதி, பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து எழுதியது. பாதி, முன்னறையில் உட்கார்ந்து பொடியன்மார் சண்டை பிடிப்பதைப் பார்த்து எழுதியது. பதினாலாம் விதி இரண்டாவது வகை. அவள் தம்பி கஜிவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவன் விளையாட உட்காரும் நேரம் பார்த்துத்தான் அவர்கள் தாயார் கண்ணகைக்குத் தேங்காய் உரிக்க ஆள் தேவைப்படும். அவன் எழும்பி ஓட, கூட விளையாடுகிறவன் ஆறஅமர மூன்று கோல் போட்டு வைத்திருப்பான். ஆட்டத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். கண்ணகை கூப்பிட்ட பிறகு பொத்தான் தேடும் அவகாசம் யாருக்கும் கிடைத்ததில்லை.

எறிபந்து பற்றிய பதின்மூன்றாம் விதிக்குக் கீழே அவள் பதினாலைச் சேர்த்தாள். கம்பனி விதி எது, கம்சாயினி விதி எது என்று புத்தகம் சொல்லவில்லை. சந்தியில் இருநூறு பிரதி போட்டோக் கொப்பி எடுத்து, பின் அடித்து, ஒவ்வொரு பெட்டியிலும் கொக்கிக்குள் செருகினார்கள். பின் அடித்தது நிதுர்ஷன். வாசிக்கவில்லை.

அது ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை. பிறகு டிஸ்க்கும் போனது. இப்போது கேம் காற்றில் வந்து இறங்குகிறது. பெட்டி இல்லை, கொக்கியும் இல்லை. போன வருடம் தை மாதம் கம்சாயினி போனாள். டெங்கு. ஒன்பது நாள். வீட்டை விட்டுப் போகச் சொல்லிக் கண்ணகை மாமி சொல்லவில்லை. போகிறேன் என்று நிதுர்ஷனும் சொல்லவில்லை. பெண்சாதி இல்லாத பெண்சாதி வீட்டில் ஒருவன் எப்படி இருக்கவேண்டும் என்று எந்த விதியையும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு விளையாட்டுக் கழகம் மெதுவான சைக்கிள் ஓட்டம், தேங்காய் துருவுதல், கேம் உதைபந்து மூன்றுக்கும் போட்டி வைக்கும். கேம் போட்டி கழக மண்டபத்தில் நடக்கும். மண்டபத்துக்கும் மாமி வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். கழகத் தலைவர் வல்லிபுரம் வவுணதீவில் வயல் செய்கிறவர். கேமைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, சத்தம் கூட என்பது மட்டும். அதனால் நடுவர் வேலை எப்போதும் நிதுர்ஷனுக்கு. புத்தகம் வந்த வீட்டுக்காரன் அல்லவா.

இந்த முறை இறுதியாட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் கஜிவன், இருபத்திரண்டு வயது, மூன்று வருடச் சம்பியன். மற்றவன் காத்தான்குடியில் இருந்து தனியாக பஸ்ஸில் வந்த பஸ்லான். கண்ணாடி போட்ட மெலிந்த பொடியன், தோளில் ஒரு பை.

"தம்பி, காத்தான்குடி பஸ்ஸுல ஜன்னல் சீட்டாப் பாத்து ஏறு," என்றான் கூட்டத்தில் ஒருவன். "அழுதுகொண்டு போக வசதியா இருக்கும்."

"சீட்டுக் கப்புக்கு அண்ணன்," என்றான் பஸ்லான். "நான் நிண்டுகொண்டு போவன்."

கூட்டம் அவனுக்கும் கொஞ்சம் கை தட்டியது.

முதல் பாதியில், ஆட்டம் சூடேறும் நேரம், வேலிக்கு அப்பால் இருந்து குரல் வந்தது.

"கஜிவன்! டேய் கஜிவன்!"

மண்டபம் சிரித்தது. கஜிவன் எழும்பி ஓடினான். பஸ்லான் உடனே கொன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டான். காத்தான்குடியிலும் பதினாலு தெரிகிறது என்று எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கஜிவன் உடம்பெல்லாம் தேங்காய்த் தும்போடு வந்து உட்கார்ந்தான். ஆட்டம் தொடர்ந்தது.

இரண்டுக்கு இரண்டு. முடிய இரண்டு நிமிடம். சமனில் முடிந்தால் கப் பழைய சம்பியனுக்கே. பந்து பஸ்லான் பக்கம் போனதும் கஜிவன் ஒரு கையால் தொடைக்குப் பக்கத்தில் கிடந்த போனைத் தொட்டு நேரம் பார்த்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பஸ்லானின் ஆள் பந்தோடு எல்லாரையும் கடந்துவிட்டான். முன்னால் கோல்காப்பாளர் மட்டும்.

"கஜிவன்!"

குரல் முடிய முதலே கஜிவன் கொன்ட்ரோலரை வைத்துவிட்டு எழும்பி நின்றான். பஸ்லான் வைக்கவில்லை. அடித்தான். கோல்.

"பதினாலு! பதினாலு!" ஆட்டம் முடிந்த விசிலுக்கும் மேலாக மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது.

"என்னடாப்பா பதினாலு?" என்றார் வல்லிபுரம். நான்கு பேர் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "அப்ப கோல் இல்ல. முடிஞ்சுது."

பஸ்லான் இருந்த இடத்தில் இருந்தபடியே சொன்னான்: "புத்தகத்தைப் பாத்துச் சொல்லுங்க ஐயா."

"பாக்கலாமே! கொண்டு வாங்கடா புத்தகத்தை!"

ஊர்க்காரர் யாரிடமும் இல்லை. இருநூறில் சில கச்சான் கடலை சுற்றப் போயின, சில அடுப்புப் பற்றவைக்கப் போயின, ஒன்று கழகத்தில் ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டையாக இருந்து கறையான் தின்றது. எல்லாரும் நடுவரைப் பார்த்தார்கள்.

நிதுர்ஷன் வீட்டுக்குப் போனான். அலுமாரியின் கீழ்த்தட்டில், அவள் புடவைகளுக்குப் பக்கத்தில், முதன்முதலில் வாங்கிய டிஸ்க்கின் பெட்டி இருந்தது. பதினைந்து மாதமாக அவன் திறக்காத தட்டு. பெட்டியைத் திறந்தான். இரண்டு கொக்கிகளுக்குள் மூலப்பிரதி, அசையாமல் இருந்தது. ஆறாம் பக்கத்தின் அடியில் பதினாலு. எதிர்ப்பக்கத்தின் தலைப்பில் பதினைந்து.

பதினைந்தை இரண்டுதரம் வாசித்தான்.

ஏழாம் பக்கம் நடுத்தாளில் இருந்தது. பின் துருப்பிடித்திருந்தது. மெதுவாக இழுத்தால் நடுத்தாள் சத்தமில்லாமல் கழன்று வரும். பதினாலு மிஞ்சும். ஊர் கேட்பதும் பதினாலைத்தான். நிதுர்ஷன் தாளின் ஓரத்தைப் பிடித்தான். பதினைந்தாம் விதி நிமிர்ந்த எழுத்தில் அவனைப் பார்த்தது. இவ்வளவு காலமும் தன்னை ஒருவரும் வாசிக்கவில்லை என்ற முறைப்பாடு எதுவும் அதில் தெரியவில்லை.

"வெண்டிட்டானா மகன்?" வாசலில் கண்ணகை மாமி, கையில் போனோடு.

"இன்னும் இல்ல மாமி. இப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"அவன்தான் காலையில சொல்லிட்டுப் போனவன். போன்ல மிஸ்கோல் ஒண்டு வரும், வந்த உடனே வேலிக்கால நிண்டு கூப்பிடு, எதுக்கெண்டு கேக்காத எண்டு."

"முதல் தரமும் மிஸ்கோலா?"

"சீ. அது மெய்யாத் தேங்காய்க்குத்தான்."

நிதுர்ஷன் தாளை விட்டான். புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனான்.

பதினாலை உரத்து வாசித்தான். விசில் பறந்தது. கஜிவனை இரண்டு பேர் தூக்கவும் செய்தார்கள்.

"பதினைந்து," என்றான் நிதுர்ஷன்.

"பதினைந்தா?" என்றார் வல்லிபுரம். "பதினைந்தும் இருக்கா?"

"பதினாலாம் விதியை ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஒரு முறை மட்டுமே பாவிக்கலாம். இரண்டாம் முறையும் தாயார் அழைத்தால், அழைப்புக்குத் தாயார் பொறுப்பு. கோலுக்கு மகன் பொறுப்பு."

தூக்கியவர்கள் கஜிவனை இறக்கி வைத்தார்கள். யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"அத்தான், அது அக்கா சும்மா எழுதினது!" கஜிவனின் குரல் கீச்சிட்டது. "கம்பனி எழுதல்ல! முழுக்க அக்காதான் எழுதினது!"

ஒன்பது வருடமாக ஊருக்குத் தெரியாதிருந்தது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் நிதுர்ஷனைப் பார்த்தார்கள். கள்ள நோட்டுக் கொடுத்தவனைப் பார்ப்பது போல.

வல்லிபுரம் கண்ணை மூடி யோசித்தார். கேம் தெரியாவிட்டாலும் வழக்குத் தெரிந்தவர்.

"கொஞ்சம் இரு மனே. புத்தகம் மெய்யெண்டா பதினைந்தும் மெய். அப்ப கோல். புத்தகம் பொய்யெண்டா பதினாலும் பொய். அப்பயும் கோல்தான். விதை நெல்லு பதரெண்டு நீயே சொல்லிட்டு வேளாண்மை வெட்டக் கத்தியோட வராத."



"கோல் கோல்தான்," என்றார் வல்லிபுரம், கழகத்துக் கொப்பியைத் திறந்தபடி. "ஆனா நான் காரணம் எழுதோணும். புத்தகத்தின்படி கோல் எண்டு எழுதவா? புத்தகம் செல்லாது, அதால கோல் எண்டு எழுதவா? அடுத்த வருசமும் போட்டி இருக்கு. நடுவர் சொல்லுங்க."

நிதுர்ஷன் புத்தகத்தை மூடினான். கம்பனி எழுதியது என்று சொன்னால் பொய். தன் மனைவி எழுதியது, அதனால் செல்லும் என்று சொன்னால் கூட்டம் முகத்துக்கு நேரே சிரிக்காது, இறந்தவளுக்காக அனுதாபப்படும். அதைவிட அவள் புத்தகத்தை அடுப்பில் போடலாம்.

பஸ்லான் பையைத் திறந்தான். கண்ணாடிப் பேப்பரால் உறை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் பாயில் வைத்தான். மங்கிய போட்டோக் கொப்பி. மேல் அட்டை இல்லை.

"எங்கட மூத்த நானா உங்கட கடையில டிஸ்க் வாங்கினவர். எனக்கு அப்ப பதினொரு வயசு. இத வாசிச்சித்தான் பழகினன். முதல்லயே காட்டினா நம்பியிருக்கமாட்டீங்க."

"இது கம்பனி எழுதல்ல எண்டு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான் நிதுர்ஷன்.

"அப்பயே தெரியும் அண்ணன். தாயார் எண்டு எந்தக் கம்பனி எழுதும்?"

"அப்ப முதல் தரம் ஏன் கொன்ட்ரோலரைக் கீழ வச்சாய்? கோல் அடிச்சிருக்கலாமே."

பஸ்லானுக்குக் கேள்வி விளங்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னான்:

"புத்தகத்தில இருக்குத்தானே."

நிதுர்ஷன் வல்லிபுரத்தின் பக்கம் திரும்பினான். "புத்தகத்தின்படி எண்டு எழுதுங்க."

வல்லிபுரம் எழுதினார். கப்பைக் கொடுத்தார். கை தட்டியவர்கள் எட்டுப் பேர். அதில் ஒருவர் கண்ணகை மாமி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர், மகனுக்குத்தான் கப் என்று நினைத்துத் தட்டினார்.

கஜிவன் போகிற போக்கில் நிதுர்ஷனின் காதருகே நின்றான். "நீங்க இந்த வீட்டு ஆளா, காத்தான்குடி ஆளா அத்தான்?"

"நடுவர்."

"அக்கா இருந்தா இப்பிடிச் செய்வாவா?"

"அக்கா செஞ்சதைத்தான் வாசிச்சன்."

 கஜிவன் வாசலில் செருப்பைத் தேடி நெடுநேரம் நின்றான்.

பஸ் நிறுத்தத்தில் பஸ்லான் கப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். நிதுர்ஷன் ஏன் கூடவே வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"அண்ணன், என்ட கொப்பியில வெளித்தாள் கழண்டு போச்சு. கடைசி ரெண்டு பக்கம் இல்ல. உங்கடையில இருக்கா?"

நிதுர்ஷன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். "இருக்கு."

"ஒரு போட்டோக் கொப்பி எடுத்துத் தாறீங்களா? என்ன எழுதியிருக்கு அதில?"

"தெரியாது. நான் இன்னும் ஏழாம் பக்கம்."

பஸ்லான் அவனை நிமிர்ந்து பார்த்தான்.  தூரத்தில் பஸ் வந்தது.

"அடுத்த கிழமை வா. வாசிச்சு முடிச்சிட்டுத் தாறன்."

"பதினாறு பக்கம்தானே அண்ணன். அதுக்கு ஏழு நாளா?"

"ஓம்," என்றான் நிதுர்ஷன்.