மங்கல் படம்

கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் முதலில் வேறு ஏதோ தெரிகிறது என்று கோட்டயத்திலிருந்து போட்டோகிராபர் குரியச்சன் போன் செய்தபோது, கொச்சியில் அவருக்கு இணையதளம் செய்து கொடுத்த ஸ்மிஜாவுக்குச் சிரிப்புதான் வந்தது. எல்லாம் தெரிந்தவர்களுக்கு வரும் சிரிப்பு.

"சேட்டா, படம் முழுசா வர்ற வரைக்கும் ஒரு மங்கல் படம் நிக்கும். தளத்தைக் கட்டும்போதே நிரல் ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அதைச் செஞ்சு வச்சிடும். பொட்டு மாதிரி இருக்கும். அதுல யாருக்கு என்ன தெரியப் போகுது? உங்க ஊர் நெட்டைத் திட்டுங்க."

"இல்ல மோளே, கல்யாணப் பொண்ணேதான் சொல்லுச்சு."

"அப்ப பொண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க."

குரியச்சனைச் சமாதானப்படுத்தத்தான் நிரலைத் திறந்தாள். சிரிப்பு அங்கேயே நின்றது. மங்கல் படங்களை, எந்த ஆல்பம் என்று சேர்க்காமல், கோப்பின் பெயரை மட்டும் வைத்துச் சேமித்திருந்தாள். அவரோ கல்யாணமானாலும் சாவானாலும் ஒவ்வொரு ஆல்பத்திலும் படங்களுக்கு ஒன்றிலிருந்துதான் எண்ணைப் பெயராக வைப்பார். முதலில் ஏறிய ஆல்பத்தின் மங்கல் படமே மற்ற ஆல்பங்களில் அதே எண்ணுள்ள படங்களுக்கும் முன்னால் வந்து நின்றது; முதலில் ஏறியதோ ஒரு சாவு வீட்டு ஆல்பம். மணப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பூக்கள், நடுவே நீளமாக ஒரு பெட்டி, சுற்றிலும் வீட்டார்.

"தப்பு என்னோடதுதான் சேட்டா. ஆனா இவ்வளவு மங்கல்ல அந்தப் பொண்ணு எப்படிக் கண்டுபிடிச்சுது?"

"தலமாட்டுல நிக்கறதே அவதான் மோளே. பெட்டில இருக்கறது அவ அப்பன்."

கண்ணாடி வாங்கச் சொன்ன வாயை ஸ்மிஜா கையால் பொத்திக்கொண்டாள்.