மாதாவின் கூடும் நோர்வே மேஜரும்

ஹால்வோர் நேஸ்ஹைம் பாலம் போடுகிறவராக இருந்தவர். நோர்வே இராணுவத்தில் பொறியியல் படை. ஆற்றின் இந்தக் கரையில் இரும்புச் சட்டங்களைப் பூட்டி, பொழுது சாய்வதற்குள் அந்தக் கரைக்கு லொறி விடுவார்கள். முப்பத்துநான்கு வயதில் மேஜரானார். அதே வருடம், வடக்கே ஒரு பயிற்சியில், சட்டம் ஒன்றைத் தூக்குவதற்காக மேட்டில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். சிலர் மூன்று என்றதும் தூக்கினார்கள். சிலர் மூன்று முடியட்டும் என்று காத்திருந்தார்கள். சட்டம் சரிந்தது. கீழே நின்ற தோர்மூட் என்ற படைவீரனுக்கு இரண்டு கால்களும் போயின.

மேஜரில் குற்றமில்லை என்று விசாரணை சொன்னது. அவர் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு மொன்றியலுக்கு வந்தார். இருபத்தெட்டு வருடம் ஒரு கம்பனியில் பாலங்களுக்கு வரைபடம் வரைந்தார். அவர் வரைந்த பாலங்களில் இன்றும் வாகனம் ஓடுகிறது. ஆனால் வேலை நடக்கிற இடத்துக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை. ஆட்களை வைத்து ஒன்றைத் தூக்கச் சொல்லும் வேலை இனித் தனக்கில்லை என்று முடிவு செய்திருந்தார்.

இதெல்லாம் சிசிலிக்குத் தெரியும். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் உள்ள அவருடைய வீட்டைச் செவ்வாயும் வெள்ளியும் துப்புரவாக்குவது அவள்தான். அலுமாரியின் மேல் சக்கர நாற்காலியில் சிரித்தபடி ஒரு மனிதரின் படம் இருக்கும். "இவர் எனக்கு ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் கடிதம் போடுகிறார். நான்தான் பதில் எழுதப் பிந்துகிறேன்" என்று ஒருநாள் பிரெஞ்சில் சொல்லி, முழுக் கதையையும் சொன்னார். சிசிலி படத்தைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆனி மாதம், மாதா திருநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு மாதாவைத் தெருவில் சுமந்து போகும் சுற்றுப்பிரகாரம். ஒன்றரைக்குத்தான் கூடு வெளியே வராது என்று தெரிந்தது.

மாதாவின் சொரூபத்தை வைத்துச் சுமக்கும் அந்தக் கூட்டை, திருநாளுக்காகத் தமிழர்கள் வாடகைக்கு எடுத்த கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் குளிர்காலம் முழுவதும் இருந்து யோசெப் செய்திருந்தான். நாலு தூண், மேலே முடி, சுற்றிவரச் செதுக்கிய திராட்சைக் கொடி. நல்ல பலகை, நல்ல பாரம். ஏழடி உயரம். மண்டபத்துக் கதவு ஆறரை அடி. அதற்கு அங்கால் படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம்.

"பெரிய வாசலை அளந்துதானே செய்தனான், அக்கா," என்றான் யோசெப். "கூடு வெளிக்கிடுறது அதாலதானே."

"பெரிய வாசல் மட்டும் அது பறந்தோ போகும்?" என்றாள் சிசிலி.

"கழட்டிப் பூட்டுவம்," என்றார் அருமைராசா. மன்னாரில் கரைவலை இழுத்தவர், இங்கே ஒரு ரெஸ்ரோறண்டில் பாத்திரம் கழுவுகிறார்.

யோசெப் குறுக்கே வந்து நின்றான். "கொடியேறின பிறகு கூட்டில சுத்தியல் படக்கூடாது. எங்கட கோயிலில எண்டைக்கும் அப்பிடித்தான். சுவாமி தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சும் போட்டார்."

"கூட்டிலதானே படக்கூடாது. உன்ர தலையில படலாம்தானே," என்று சொல்லிவிட்டு, சிசிலி செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த மேஜர் வீட்டுக்கு நடந்தாள்.

மேஜர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "நான் வரைகிறவன், சிசிலி. தூக்குகிறவன் இல்லை."

"தூக்க எட்டுப் பேர் நிற்கினம். நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும்."

அவர் அளவு நாடாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

மண்டபத்துக்குள் அவர் குனிந்து நுழைந்தபோது யாரோ பின்னாலிருந்து சொன்னான்: "நோர்வேக்காரர் வந்திட்டார். ஊரில அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் இடையில, இஞ்ச எங்களுக்கும் சுவருக்கும் இடையில பேச்சுவார்த்தை."

சிரிப்பு அடங்குவதற்குள் மேஜர் கூட்டை அளந்துவிட்டார். கதவையும் படியையும் திருப்பத்தையும் அளந்தார். திருப்பத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். அங்கே முகடு உயரம். பாட்டுத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று படம் கீறினார். முதலாவதில் தோளில் சுமக்கும் தண்டுகளை உருவிவிட்டு, கூட்டைச் சரித்துக் கதவால் எடுப்பது. இரண்டாவதில் திருப்பத்தில் நிமிர்த்தி, நின்ற வாக்கில் திருப்புவது. மூன்றாவதில் மறுபடி சரித்து மேலே ஏற்றுவது.

"சுத்தியல் தேவையில்லை," என்றார். யோசெப்பின் முகம் தெளிந்தது. "எல்லாம் இதில் இருக்கிறது." தாளைச் சிசிலியிடம் கொடுத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

அவர் படியேறிப் போக, கீழே எட்டுப் பேரும் கூட்டைச் சரித்துக் குனிந்து பிடித்தார்கள்.

"வன், டூ, த்ரீ!" என்றான் யோசெப்.

கூட்டின் ஒரு பக்கம் எழும்பியது. மறுபக்கம் நிலத்தில் கிடந்தது. முடி சுவரில் உரசிச் சாந்து கொட்டியது. ஒருவன் "ஐயோ, என்ர கை" என்றான்.

அந்த எண்ணிக்கை காதில் விழுந்ததுமே மேஜர் திருப்பத்தில் நின்றுவிட்டார். தொப்பியைக் கைப்பிடிச் சட்டத்தில் கொழுவினார்.

"வையுங்கள்," என்றார். பிரெஞ்சுதான். ஆனாலும் சிசிலி மொழிபெயர்க்க முந்தியே எட்டுப் பேரும் வைத்துவிட்டார்கள்.

"கேளுங்கள், சிசிலி. மூன்றில் தூக்கியது யார்? மூன்று முடியத் தூக்கியது யார்?"

மூன்றில் தூக்கியவர்கள் ஐந்து பேர். முடியக் காத்திருந்தவர்கள் மூன்று பேர். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்கள் ஊரில் பல பேர் சேர்ந்து ஒன்றை இழுக்கும்போது யார் எண்ணுவது?" என்றார் மேஜர்.

சிசிலி கேட்டாள். அருமைராசா சிரித்தார். "எண்ணுறதோ? எண்ணினா வலை வருமே? அம்பா பாடித்தான் இழுக்கிறது, பிள்ளை."

"பாடச் சொல்லுங்கள்."

அருமைராசா வெட்கப்பட்டார். பிறகு தொண்டையைச் செருமி "ஏலேலோ" என்று இழுத்தார். மற்றவர்கள் "ஏலோ" என்று எடுத்தார்கள். கையில் ஒன்றும் இல்லாமலே எட்டுத் தோளும் ஒரே நேரத்தில் பின்னுக்குப் போய் வந்தன. இந்த நாட்டில் பிறந்து, வலையையே கண்டிராத, எட்டுப் பேரில் ஒருவனான அனுஜனின் தோளும் போய் வந்தது.

மேஜர் அதைப் பார்த்தார். "இவர் பாடட்டும். நான் கை உயர்த்தினால் நிறுத்தட்டும்." பிறகு அவர், யோசெப் மிச்சம் வைத்திருந்த பலகைத் துண்டுகளில் நாலைத் தெரிந்தெடுத்துக்கொண்டு, கூட்டுக்குக் கீழ்ப்பக்கம் போய் நின்றார்.

"மேஜர், அந்த இடம் வேண்டாம்," என்றாள் சிசிலி. "உங்களுக்கு எழுபத்திரண்டு வயது."

"கட்டளை கொடுக்கிறவன் நிற்க வேண்டிய இடம் இதுதான். அன்றைக்கு நான் மேலே நின்றேன்."

சிசிலி அருமைராசாவின் பக்கம் திரும்பி, "பாடுங்கோ" என்றாள்.

"ஏலேலோ," என்றார் அருமைராசா.

கூடு எழும்பியது. எட்டு மூலையும் ஒன்றாய் எழும்பியதுபோல் இருந்தது. கதவைத் தாண்டிப் படியில் ஏறியது. ஒவ்வொரு படிக்கும் மேஜர் ஒரு பலகையை அடியில் செருகினார். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் கை உயர்ந்தது, பாட்டு நின்றது, பாரம் பலகையில் அமர்ந்தது. திருப்பத்தில் நிமிர்த்தும்போது முழுப் பாரமும் ஒரு கணம் கீழ்ப்பக்கமாக ஆடியது. யோசெப் கண்ணை மூடிவிட்டான். மேஜர் பலகையைச் செருகி, இரண்டு கையாலும் தூணைப் பிடித்து, அருமைராசாவின் வாயையே பார்த்தார்.

"ஏலேலோ."

"ஏலோ."

கூடு நிமிர்ந்தது. நின்ற வாக்கில் திரும்பியது. முடிக்கும் முகட்டுக்கும் இடையில் மூன்று விரற்கடை இருந்தது. படத்தில் அவர் போட்டிருந்ததும் அதுதான்.

மூன்று மணிக்குக் கூடு கோவிலுக்குள் நின்றது. தண்டு பூட்டி, மாதாவை ஏற்றி, பெண்கள் பூ வைக்கத் தொடங்கினார்கள். அருமைராசா ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொண்டுவந்து மேஜரிடம் நீட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. மேஜர் தன் தோளைப் பின்னுக்கு அசைத்துக் காட்டினார். அருமைராசா தலையாட்டினார்.

நாலு மணிக்குப் பெரிய வாசலால் கூடு தெருவுக்கு வந்தது. யோசெப் அளந்தது பிழைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் இருந்தது. மேஜர் நடைபாதையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கூடு தெருமுனையில் திரும்பும்வரை நின்றார். பிறகு கடைசி வரிசையில் நடந்த சிசிலியிடம் வந்தார்.

"இதைத் திரும்பக் கீழே இறக்க வேண்டுமே. எத்தனை மணிக்கு முடியும்?"

"ஆறு மணிக்கு."

"இறக்குவது ஏற்றுவதை விடக் கஷ்டம். யோசெப்பிடம் சொல்லுங்கள், அதே எட்டுப் பேர் வேண்டும். பாடுகிறவரும் அவரே. ஐந்தே முக்காலுக்கு எல்லாரும் படியில் நிற்க வேண்டும்."

"நீங்கள் எங்க போறீங்கள்?"

"வீட்டுக்கு. ஒரு கடிதம் எழுத இருக்கிறது. எழுதிவிட்டு வருகிறேன்."