தொந்தரவு இல்லாதவர்

அந்த முதியோர் இல்லத்தில் கண்டக்டரைப் பற்றி யாரைக் கேட்டாலும், "தங்கமான மனுஷன், எந்தத் தொந்தரவும் இல்லை" என்பார்கள்.

வாழ்நாளெல்லாம் பேருந்தில் கத்திப் பழகிய தொண்டை அது. முன்பெல்லாம் பக்கத்துக் கட்டில் தையல்காரரோடு விடிந்தால் வாக்குவாதம், பொழுது சாய்ந்தால் சீட்டாட்டம். ஒருநாள் தையல்காரரை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் கட்டிலில் புது விரிப்பு கிடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கண்டக்டரும் கேட்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. தட்டு வந்தபடியே திரும்பிப் போயிற்று. இருட்டிலேயே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பார். மகள் வந்தால், "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பதோடு சரி.

"வயசானா அப்படித்தான், அக்கா" என்றாள் நர்ஸ். மகளுக்கு மனம் ஒப்பவில்லை. பிடிவாதமாக மனநல டாக்டரை வரவழைத்தாள்.

"எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார் கண்டக்டர், முகத்தைத் திருப்பாமலே.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இல்லைங்க ஐயா. மறைக்காம சொல்லுங்க, செத்துப்போனாத் தேவலைன்னு தோணுதா?"

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"தினமும்" என்றார் அவர். "காலையில முழிப்பே வரக்கூடாதுன்னுதான் படுக்கறேன்."

"ஏதாவது பண்ணிக்கணும்னு?"

"அதுக்கும் தெம்பு வேணுமே." அவரே மேலும் சொன்னார்: "அவன் போய்ட்டான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நான் போனாலும் விரிப்பைத்தானே மாத்துவாங்க?" அப்புறம் தோள் குலுங்க அழுதார். அப்பா அழுது மகள் பார்த்ததே இல்லை.

"இது வயசுக்கோளாறு இல்லை, நோய்" என்றார் டாக்டர். "மருந்து இருக்கு. ஆனா உடனே கேக்காது, சில வாரம் பிடிக்கும். நான் வரும்போதெல்லாம் பேசவும் செய்யணும்." போகிற போக்கில் மேலாளரிடமும் கறாராக ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே சாப்பாட்டுக் கூடத்தில் தையல்காரரின் நினைவாக எல்லோரும் கூடினார்கள். கண்டக்டர் எழுந்து, "சீட்டுல ஏமாத்துவான்..." என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு அவர் உட்கார்ந்துவிட்டார்.

மாத்திரை முதலில் வயிற்றைத்தான் புரட்டியது. "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று முனகினார். மகளுக்கும் நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆனாலும் நர்ஸிடம் சொல்லி வேளை தவறாமல் விழுங்க வைத்தாள்.

மாதம் ஒன்று கடந்திருக்கும். வேலை நேரத்தில் நர்ஸ் ஃபோன் செய்தாள். "அக்கா, பயப்படாதீங்க. அப்பா இன்னைக்குச் சமையல்காரரை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார், குழம்புல உப்பில்லையாம். பாதித் தட்டு காலி."

மகள் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

முழுசாக ஒன்றும் சரியாகிவிடவில்லை. சில நாள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். அப்போது நர்ஸ் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, "என்னப்பா, இன்னைக்கு மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அவரும் உள்ளதைச் சொல்வார்.