பெயிண்டர் மூச்சை இழுத்த கதை

கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பதில் அந்த மனுஷனை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் அடித்துக் காயவைத்த கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். என்ன பிரயோஜனம்? பெயிண்ட் புகையும் சிகரெட்டும் கூட்டுச் சேர்ந்து நுரையீரலை அரித்துவிட்டன. இப்போது குளித்துவிட்டு வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இந்த நேரம் பார்த்து மகளுக்குக் குறைமாசத்தில் பெண் குழந்தை பிறந்தது. மகள் வீடு அடுத்த தெருதான், ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. குழந்தையை இப்போதைக்கு வெளியே தூக்கிவரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பு. பெயிண்டர் ஒரு தடவை ஏறிப் போக முயன்றார். முதல் மாடிகூடத் தாண்டவில்லை, உதடு நீலம் பாரித்து, மாப்பிள்ளை தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை.

வேளை தவறாமல் இன்ஹேலர் அடித்தும் குணம் தெரியவில்லை. "இது வெறும் காத்து, மருந்தே இல்ல" என்று பழியை அதன்மேல் போட்டார்.

ஒருநாள் காலையில் அவர் மருந்தடிப்பதை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சும்மா நிமிர்ந்து பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க, போன மாசம் தீர்ந்துபோன அந்தக் காலி டப்பாவ எடுத்து இன்னொரு தடவ அடிங்க, பாப்போம்."

"நீ எப்ப டாக்டரான?"

"அடிங்கங்கறேன்ல."

அடித்தார். விரல் அழுத்தின அதே நொடியில் நெஞ்சு கல்லாகிவிட்டது.

"நீங்க மூச்சே இழுக்கலையே."

"இழுத்தேனே."

"கிழிச்சீங்க. ஷெட்டுல நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க."

ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாளெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். மாஸ்க் ஆணியில் தொங்கும். பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியின் விசையை அழுத்தினால் மனுஷன் மூச்சை அடக்குவார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்து முடித்து, நாலு எட்டு தள்ளிப்போய்த்தான் விடுவார். விசை என்றால் மூச்சு நிற்கணும், அவ்வளவுதான் அந்த உடம்புக்குத் தெரியும்.

அவரும் விடாமல் முயன்று பார்த்தார். முடியவில்லை. தன் நெஞ்சையே யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். நியாயமாக அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் உடம்பு சிலிர்த்தது. வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சு, நெஞ்சுக்கு அந்தச் சேதி போய்ச்சேரவே இல்லை. யாரும் கேட்காமலே இன்னும் காவல் நிற்கிறது. இந்தச் சதைக்குள் இப்படி ஒரு விசுவாசமா என்று மலைத்துப்போனாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் குடுவையை இன்ஹேலரில் மாட்டிக் கொடுத்தாள்.

"இதுக்குள்ள அடிங்கய்யா. மருந்து ரெண்டு நொடி உள்ளயே நிக்கும். நெஞ்சு தன் வேலையைப் பாத்து முடிக்கட்டும், பிறகு மெதுவா இழுங்க." உதட்டைக் குவித்து மூச்சு விடவும், தினம் நடக்கவும் சொல்லிக்கொடுத்தாள். "கெட்டுப்போன நுரையீரல் திரும்பாது. மிச்சத்த வெச்சுத்தான் குடித்தனம் பண்ணணும்."

ரெண்டு மாசம் கழித்து அந்த மாடிப்படியில் ஏறினார். பின்னாலேயே அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனாள். திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்தார், உதட்டைக் குவித்து ஊதினார், எழுந்தார். ஒரு பானைச் சோறு வெந்திருக்கும் அதற்குள். ஆனால் ஏறிவிட்டார்.

கையைக் கழுவிக்கொண்டு குழந்தைமேல் குனிந்தார். கோழிக்குஞ்சு போல இருந்தது. அந்தத் துளியூண்டு வயிறு ஏறுவதும் இறங்குவதுமாக, ஒரு நொடி ஓயாமல் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

"இவளுக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்லப்பா. ஆஸ்பத்திரில மூக்குல வெச்சிருந்த குழாய எடுத்தாங்க, அவளாவே இழுத்துக்கிட்டா."

பெயிண்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். விக்கி விக்கி, வாய்விட்டு அழுதார். அப்படி அழவும் மூச்சு வேண்டுமே. அன்றைக்கு அவரிடம் இருந்தது.